பின்பக்கத் தையல்

"மெஷின மெதுவா ஓட்டு மாரி, துணி இழுத்துக்கப் போது" என்றான் செந்தமிழன்.

மாரிசெல்வி காதில் வாங்கவில்லை. கார் சீட் தைக்கும் கம்பெனியில் அவன் மனைவி ஷெர்லினுக்குப் பக்கத்து மெஷின் அவளுடையது. தையலைப் பற்றி ஓர் ஆம்பளை சொல்லி அவள் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அழுதுகொண்டே, கறுப்பு அங்கியின் மார்பில் சிவப்புப் பூவேலைத் துண்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வெளியே சாமியானாவுக்கடியில் சவப்பெட்டி வந்து இறங்கிவிட்டது. ஷெர்லின், மூளையில் ரத்தம் கசிந்து நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள்.

சொர்ணம்மாள் பெரியம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது? கர்த்தராண்ட போறவளுக்குக் கறுப்பா? ஊரே பாத்துக்கினு கீது."

"பாக்கட்டும் பெரிம்மா. அவ கையால போட்டது."

"வெள்ளப் பொடவ வாங்கியாந்து வச்சிகீறேன்" என்று அதையும் சொல்லிவிட்டுத்தான் பெரியம்மா நகர்ந்தார். பேச்சில் தோற்றுப் பழக்கமில்லாதவர்.

அது பாலஸ்தீன எம்பிராய்டரி. பெத்லகேம் பக்கத்திலிருந்து ரீம் என்றொரு டீச்சர் போனில் சொல்லிக்கொடுத்தார். ஷிப்ட் முடிந்து வந்தால், உலை கொதிக்கும் முன்பே ஷெர்லின் ஊசியை எடுத்துவிடுவாள். அங்கே ஊருக்கு ஊர் தனிப் பூவேலை; ஷெர்லின் எடுத்தது மர வடிவம். உடையைப் பார்த்தே எந்த ஊர்ப்பெண் என்று சொல்லிவிடுவார்களாம்.

"நம்மூரு மயிலு ஒண்ணு போடேம்ளா" என்று மாரிசெல்வி கேலி செய்வாள்.

"மயிலு தனியாப் போட்டுக்கலாம். அவங்க துணில அவங்க மரந்தான் நிக்கணும்" என்பாள் ஷெர்லின்.

கடைசி வகுப்பில் அவரவர் தைத்ததை உடுத்தி டீச்சருக்குக் காட்ட வேண்டும். அது வரும் ஞாயிற்றுக்கிழமை. ஆம்புலன்சில் தலையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டதும் அதைத்தான்: "டீச்சருக்குக் காட்டாமலே பூடுவனா?"

பெண்கள் உடுத்திப் பெட்டியில் கிடத்தினார்கள். செந்தமிழன் வீடியோ காலில் டீச்சரை அழைத்து, விஷயத்தைச் சொல்லி, போனை அவள் மார்பருகே கொண்டுபோனபோதுதான் கவனித்தான். பொடிப்பொடிப் பெருக்கல் குறிகளாக இருக்க வேண்டிய தையல், நேர்நேர் கோடுகளாக இருந்தது. மாரி துண்டைத் திருப்பி வைத்துத் தைத்திருக்கிறாள்.

மாரிசெல்வியும் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, உள்பக்கத்தல்லா வெளிய வச்சுத் தச்சிட்டேன். பிரிச்சிருதேன்ணே."

பாஸ்டர் பைபிளைத் திறந்துவிட்டிருந்தார்.

செந்தமிழன் குனிந்து பார்த்தான். ஒரு முடிச்சு இல்லை. எங்கே நூலைத் தொடங்கினாள், எங்கே வெட்டினாள் என்று தெரியவில்லை. அந்த டீச்சர் வகுப்பில் முதலில் துணியைத் திருப்பச் சொல்வார். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகக் காட்டிவிடலாம் என்பார். ஒரு முடிச்சு துருத்தியதற்காக ஷெர்லின் ஒரு மரத்தையே பிரித்துப் போட்டிருக்கிறாள். அழ வேண்டிய நேரத்தில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"பிரிக்காத மாரி. இருக்கட்டும்" என்றான்.

பிறகு போனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இது பின்பக்கம், மாற்றித் தைத்துவிட்டோம் என்று சொன்னான்.

டீச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கிட்டே காட்டச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் திரும்பி, தன் பாஷையில் உள்ளே யாரையோ சத்தமாகக் கூப்பிட்டார். வயதான அம்மா ஒருத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

"பாஸ்டர், கொஞ்சம் இருங்க" என்றான் செந்தமிழன்.

சாமியானா ஓரமாக விழுந்த வெயில் கேமராவில் கூசியது. சொர்ணம்மாள் பெரியம்மா எழுந்து வந்து, முந்தானையை விரித்துப் போனுக்கு நிழல் பிடித்தார்.