கழிமுகத்தில் இரண்டடி

ஜுனைதா டீச்சர் அதிகம் பேசமாட்டாள் என்பது சங்குமுனை ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தும்போது வாய் திறப்பாள்; மணி அடித்ததும் மூடிக்கொள்வாள். மகள் மின்ஹா நாலு கேள்வி கேட்டால் ஒரு தலையசைப்பு. துபாயிலிருந்து கணவர் கூப்பிட்டால் பாதி நேரம் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் இருவருக்கும் குறையில்லை.

அந்த மவுனத்தைத்தான் அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் வாவு முகம்மது எடுத்துச் செலவழித்துவிட்டார்.

அவர் ஜமாஅத் தலைவர். ஊருக்குத் தெற்கே உப்பங்கழி கடலில் சேரும் இடத்தை அடைத்து, மதகு வைத்து, கடல் ஏறும்போது தண்ணீரை உள்ளே பிடித்து, வற்றும்போது சக்கரத்தின் வழியே வெளியே விட்டு மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. கரை ஜமாஅத்துக்குச் சொந்தம். ஊர் ஒருமனதாகத் தீர்மானம் போட்டால்தான் வேலை தொடங்கும். பதினாறு நாளுக்கு முன் அவர் அவள் வீட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே திட்டத்தை விவரித்தார். "நீ என்னம்மா சொல்றே?" என்று மூன்று தடவை கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தபடி கழியின் பரப்பை மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

அந்த ஊரில் நிக்காஹ் நாளில் மணப்பெண்ணிடம் மூன்று தடவை கேட்பார்கள். அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று சாட்சிகள் போய்ச் சொல்லிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஜுனைதாவும் பேசவில்லை. அன்று அது சம்மதம்தான். அண்ணனுக்கு அவள் பேசாமலிருப்பதன் பொருள் அன்றோடு முடிவாகிவிட்டது போலிருக்கிறது.

வியாழக்கிழமை மின்ஹா போனை நீட்டினாள். கம்பெனி அறிக்கையின் ஒரு பக்கம், ஊர் வாட்ஸ்அப்பில் வந்தது. 'உள்ளூர் இயற்பியல் ஆசிரியை திட்டத்தை ஆராய்ந்து ஒப்புதல் அளித்துள்ளார்.'

"உம்மா, நீங்களா சொன்னீங்க?"

ஜுனைதா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு தன் நோட்டை எடுத்துக்கொண்டு கழிமுகத்துக்குப் போனாள்.

அண்ணன் வந்துபோன அன்றே அங்கிருந்த பாலத்தின் தூணில், தண்ணீர் மட்டத்தை அளக்க, அவள் பெயிண்டால் கோடுகள் போட்டிருந்தாள். இறால் பிடிக்கிற பூமயில் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி சேற்றில் கைவிட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருந்ததால் பேச முடியாது. பக்கத்து ஊரிலிருந்து தினமும் வருகிறவள். ஜுனைதா பள்ளியில் இருக்கும் நேரங்களில் தண்ணீர் எந்தக் கோட்டில் நின்றது என்று பார்த்துச் சொன்னவள் அவள்தான். ஜுனைதாவைக் கண்டதும் பறியைக் கையில் வாங்கினாள்.

"இன்னைக்கு மூணாங் கோட்டோட நின்னுபோச்சு டீச்சர். ஒரு சாண் கூட இருக்காது."

"பௌர்ணமிக்கு?"

"அன்னைக்குத்தான் ரெண்டடி. அதுக்கு மேல இங்கன ஏறி நான் பாத்ததில்ல." பூமயில் முகத்தைத் துடைத்தாள். "மதகுக் கதவு போட்டா இறால் குஞ்சு எப்படி உள்ள வரும்? கேட்டா, என்னை ஜமாஅத்து ஆளான்னு கேக்கிறாக."

ஜுனைதா அதையும் நோட்டில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் முன்னால், பெண்கள் பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம். கம்பெனி இன்ஜினியர் முனீஸ்வரன் நன்றாகவே பேசினார். புகை கிடையாது, நிலக்கரி கிடையாது. வெயில் சாயங்காலம் போய்விடும், காற்று ஓய்ந்துவிடும், கடல் மட்டும் சொன்ன நேரத்துக்கு வரும் என்றார். அதெல்லாம் உண்மை என்று ஜுனைதா நினைத்துக்கொண்டாள்.

வாவு முகம்மது மைக்கை வாங்கினார். "ஆட்சேபணை உண்டா? பொம்பளைங்க பக்கம்?"

யாரோ வளையலை நகர்த்தும் சத்தம்.

"ரெண்டாந் தடவை கேக்கிறேன்."

ஜுனைதா நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை வருடம் அவள் பேசாமல் இருந்தது அவளுடைய சொத்து. அதில் கையெழுத்துப் போட யாருக்கும் அவள் அதிகாரம் கொடுத்ததில்லை.

"மூணாந் தடவை..."

"எனக்குச் சம்மதமில்லை."

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் கிரீச்சிட்டன. "யாரு அது?" என்றார் வாவு முகம்மது, குரல் தெரிந்திருந்தும்.

"உங்க தங்கச்சி. அறிக்கையில ஒப்புதல் குடுத்ததா எழுதியிருக்கே, அந்த டீச்சர்."

"நான் கேட்டப்ப நீ ஒண்ணும் சொல்லலையே?"

"யோசிச்சிட்டு இருந்தேன் காக்கா. அதுக்குள்ள நீங்க போயிட்டீங்க."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. முனீஸ்வரன் இருமினார். "மேடம், தண்ணியில கரண்ட் எடுக்கிறது புதுசு இல்லையே. மலையில எத்தனை வருஷமா எடுக்கிறோம்."

"எடுக்கிறீங்க. நான் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கேன். சாயங்காலம் ஊரெல்லாம் லைட்டைப் போடும்போது அஞ்சே நிமிஷத்துல சக்கரத்தை ஓட விடலாம். அதை நான் குறை சொல்லலை." அவள் நோட்டைத் திறந்தாள். குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது. "மாடியிலருந்து ஒரு குடம் தண்ணிய ஊத்தினா கீழ நிக்கிறவன் தலை வலிக்கும். வாசப்படியிலருந்து ஊத்தினா கால்தான் நனையும். எத்தனை தண்ணி, எத்தனை உயரம், ரெண்டும் வேணும். மலையில உயரம் இருக்கு. அங்கயும் காடு முங்குது, மீன் போற வழி அடைபடுது. ஆனா கிடைக்கிறது பெருசு. இங்க என்ன உயரம்? உங்க அறிக்கையில என்ன போட்டிருக்கு?"

தாள்கள் புரண்டன. "அதிகபட்சம்... ஒன்றரை மீட்டர். அஞ்சடி கிட்ட."

"எங்க அளந்தீங்க?"

மறுபடி தாள்கள் புரண்டன.

"நான் இங்க பதினாறு நாள் அளந்திருக்கேன். பௌர்ணமிக்கு ரெண்டடி. மத்த நாள்ல ஒரு சாண். நூறு ஏக்கர் கழி முழுக்க நிறைஞ்சாலும், பௌர்ணமி அன்னைக்கே நம்ம ஐஸ் பிளாண்டை ஒரு நாள் ஓட்டப் பத்தாது."

"இது சின்ன முன்னோட்டத் திட்டம்தான் மேடம். ஒரு சோதனை."

"சோதனைக்காக மதகைப் பூட்டி வச்சா உள்ள தண்ணி அழுகும். அளந்து சொன்ன பூமயில் வெளிய வெயில்ல நிக்கிறா. கழியில கைவிட்டுப் பிழைக்கிறவ. அவளை யாரும் ஒரு தடவைகூடக் கேக்கலை."

"ஜுனைதா, உக்காரு," என்றார் அண்ணன். மைக்கில் இல்லாமல், வீட்டுக் குரலில். "சபையில என் மானத்தை வாங்காதே."

அவள் உட்காரவில்லை. பக்கத்திலிருந்த ருக்ஸானா, ஐஸ் பிளாண்டுக்காரர் மனைவி, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கும் சம்மதமில்லை காக்கா. எழுதிக்கிடுங்க." பின்வரிசையிலும் யாரோ எழுந்தார்கள்.

ஒருமனதான தீர்மானம் இனி இல்லை. செயலாளர் பேனாவை மூடினார். முனீஸ்வரன் தாள்களை அடுக்கிக்கொண்டு, அளவை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்.

வாசலில் செருப்புத் தேடும் கூட்டத்தில் வாவு முகம்மது தங்கையின் அருகே வந்து, முகம் பார்க்காமல் சொன்னார்: "இனி என் வீட்டுப் படி ஏறாதே."

"ஏறுவேன். நாளைக்குக் காலையில வாரேன். அந்த அறிக்கை முழுசா எனக்கு வேணும். என்னைப் பத்தி எழுதின வரியை நீங்களே அடிச்சுக் கையெழுத்துப் போடணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

"பத்து மணிக்கு மேல வா," என்றார்.