செவலைக்குப் போட்ட ஊசி

போடி சந்தையில் வாங்கிய கன்றுக்குட்டி, லாரியில் வரும்போதே காலை ஒடித்துக்கொண்டது. உத்தமபாளையத்தில் இறக்கிப் பார்த்த டிரைவர், இனி இது உதவாது என்று அங்கேயே ஒரு கசாப்புக்கடையில் விட்டுவிட்டு வெறும் லாரியோடு சுருளிப்பட்டிக்கு வந்து சேர்ந்தான்.

தென்னந்தோப்பில் கூடாரம் போட்டிருந்த மாட்டு டாக்டர் சண்முகராஜ் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. மேசைமேல் ஐஸ் நிரப்பிய பிளாஸ்க் இருந்தது. அதன் மூடியைத் திறந்து உள்ளே இருந்த குப்பியைப் பார்த்தார்.

"இன்னைக்குள்ள ஒரு மாட்டுக்குப் போடலைன்னா, நாளைக்கு இது வெறும் தண்ணி, ஏசுதாசன்," என்றார்.

கம்பவுண்டர் ஏசுதாசன் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கினான். அந்தக் குப்பியில் இருந்ததில் பாதி அவன் உழைப்பு. அந்த வருஷம், 1938இல், ஐப்பசி மழை ஓய்ந்ததும் தேவதானப்பட்டிப் பக்கத்து மாடுகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மாடு நடுங்கும், ஒரு காலை மாற்றி ஒரு காலை நொண்டும், எச்சில் ஒழுகப் படுத்துவிடும். மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து புல் தின்னும். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் கிருமி என்று ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் என்றார் டாக்டர். வயலோரத் தொழுவங்களில் மொய்க்கும், கடுகில் பாதி அளவுள்ள கடிபூச்சிதான் அதைச் சுமக்கிறது என்றார். ஏசுதாசன் பொழுது சாயும் நேரங்களில் அந்தத் தொழுவங்களில் குந்தி, கண்ணாடிக் குழாயால் பூச்சிகளை உறிஞ்சிப் பிடித்தான். அவற்றை அரைத்து, உப்பு நீரில் கலக்கி, பீங்கான் வடிகட்டியில் வடித்தார்கள். தெளிந்து இறங்கிய நீர்தான் குப்பியில் இருந்தது. காய்ச்சல் இன்னும் எட்டாத ஊரில், நல்ல மாடு ஒன்றுக்கு இதை ஊசியாகப் போட்டு அது படுத்துவிட்டால், டாக்டர் சொன்னது உண்மை.

அப்படி உண்மையானால் ஏசுதாசனைப் பட்டணத்துக்கு ஆராய்ச்சி வேலைக்கு அழைத்துப்போவதாக டாக்டர் சொல்லியிருந்தார். போடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவன் அப்பா பொன்னுராஜ், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மூத்தவன் துணி அளக்குறான், இளையவன் மாட்டுக்குக் காய்ச்சல் அளக்குறான்," என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலிருந்து தப்ப அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் மூக்கம்மாள் வந்தாள். தோப்புக்கு அடுத்த வயலை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுகிறவள். அவள் புருஷன் கருத்தக்கண்ணன் மேகமலையில் ஏலத்தோட்டக் கூலிக்குப் போய், அங்கேயே லயத்து வீட்டில் இருந்தான். தை பிறந்தால்தான் இறங்கி வருவான்.

"சாமி, வெக்கைக்கு ஊசி போடுறாகன்னு சொன்னாக," என்றாள்.

வெக்கை நோய் என்ற பெயரைச் சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. முந்தின வருஷம் கூடலூர்ப் பக்கம் அது தொழுவம் தொழுவமாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தது.

டாக்டர் ஏசுதாசனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மாடு எங்க?"

"வெளியதான் நிக்கிது. சோடியவும் ஓட்டியாந்துட்டேன்."

"ஒண்ணுக்குத்தான் மருந்து இருக்கு."

மூக்கம்மாள் யோசிக்கவே இல்லை. "அப்பச் செவலைக்குப் போடுங்க. அதுதான் வலத்து மாடு. அது இழுத்தாத்தான் மயிலையும் இழுக்கும். கார்த்திகைக்குள்ள ஏர் பூட்டலைன்னா நெலத்த வேற ஆளுக்கு விட்டுருவேன்னு சீனிச்சாமி நாயக்கர் சொல்லிட்டாக. சோடி இருக்கிறவளுக்குத்தான வாரம்?"

சாம்பல் நிற மயிலையை வெளியே விட்டுவிட்டு, செவலையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். திமில் பருத்து, நெற்றியில் வெள்ளைச் சுழி விழுந்த மாடு. ஏசுதாசன் கழுத்துத் தோலை மடித்துப் பிடிக்க, டாக்டர் ஊசி போட்டார்.

வேறு பூச்சி எதுவும் கடித்துவிடக் கூடாது என்பதற்காக, அன்று மாலையே அவள் தொழுவத்தைச் சுற்றி மல் துணியில் வலை கட்டினார்கள். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நின்றது. மூக்கம்மாளின் கொழுந்தன் மலைச்சாமி வலைக்குள் தலையை நீட்டிப் பார்த்தான்.

"மதினி, மாப்பிள்ளைக்கு வலை கட்டியாச்சு. பொண்ணு எப்ப வருது?"

"ஒனக்கே ஒருத்தி அமையக் காணாம். மாட்டுக்குப் பாக்க வந்துட்டியாக்கும்."

"ஊசி போட்டாச்சுல்ல, நாளைக்கு இங்கிலீசு பேசும். அப்ப எனக்கும் ஒரு பொண்ணு பாக்கச் சொல்லுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏசுதாசனும் சிரித்தான். சிரித்துவிட்டு, தான் எதற்குச் சிரித்தோம் என்று கூடாரம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தான்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் காலையில், செவலை படுத்துவிட்டதென்று ஆள் வந்து சொன்னபோது டாக்டர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்போடு எழுந்து ஓடினார். வெப்பமானியைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்தார். கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் அவர் மெல்லச் சீட்டியடித்ததை ஏசுதாசன் கேட்டான்.

"சார், அவகிட்டச் சொல்லணும். வாயில எதையும் ஊத்தக் கூடாதுன்னு."

இருவருக்குமே அது தெரியும். இந்தக் காய்ச்சலில் மாட்டுக்குத் தொண்டை விழுங்காது. தேவதானப்பட்டியில் செத்தவை எல்லாம் காய்ச்சலில் சாகவில்லை. கஷாயம் புகட்டியதில் செத்தன. அறுத்துப் பார்த்தபோது நுரையீரலில் மிளகுத் தோல் ஒட்டியிருந்தது.

"சொல்லு," என்றார் டாக்டர். "காரணம் சொல்லாத."

"காரணம் சொல்லாட்டிக் கேக்க மாட்டாக, சார்."

"சொன்னா, நாமதான் காய்ச்சலைக் குடுத்தோம்னு தெரிஞ்சுரும். நம்ம ரெண்டு பேரையும் இந்தத் தென்னையில கட்டிப்போடுவாங்க. அப்புறம் அடுத்த மாட்டுக்கு நான் எந்த ஊருக்குப் போறது? உனக்குத்தான் பட்டணத்துல என்ன வேலை இருக்கும்?"

ஏசுதாசன் போனபோது மூக்கம்மாள் அம்மியில் மிளகும் பூண்டும் அரைத்துக்கொண்டிருந்தாள். மலைச்சாமி, கொட்டம் என்ற மூங்கில் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தான். மாட்டைச் சாய்த்து, வாய்க்குள் குழாயைக் கொடுத்துக் கஷாயம் புகட்டுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்.

"அக்கா, வாயில ஒண்ணும் ஊத்தாதீக," என்றான். "தண்ணிகூட வேணாம். தானா எந்திரிச்சிரும்."

அம்மி நின்றது. "வெக்கை கண்ட மாடு எங்கனயாச்சும் தானா எந்திரிச்சிருக்கா, தம்பி?"

"இது வெக்கை இல்ல."

"பெறகு என்ன?"

"வேற காய்ச்சல்."

"ஊரெல்லாம் மாடு நல்லா நிக்கிது. ஊசி போட்டு வலை கட்டுன மாட்டுக்கு மட்டும் வந்திருக்கு," என்றான் மலைச்சாமி. "அது எங்கிட்டிருந்துய்யா வந்துச்சு, அந்த வேற காய்ச்சல்?"

அவன் குத்தலாகத்தான் கேட்டான், சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சொல்ல வேண்டியது ஏசுதாசனுக்குள் தயாராக இருந்தது. 'நாங்கதான் குடுத்தோம். தேவதானப்பட்டியில இதே காய்ச்சல்ல படுத்த மாடு மூணாம் நாள் எந்திரிச்சுது. புகட்டுன மாடுதான் செத்துச்சு.' மொத்தமும் மூன்றே வாக்கியம். முதல் வாக்கியம் இல்லாமல் மற்றதை எப்படிச் சொல்வது என்று அவன் தேடினான். தேடத் தேட ஒன்றும் அகப்படவில்லை.

"காத்துல வந்திருக்கும்," என்றான்.

"கேட்டியா, மதினி? காத்துல வந்துச்சாம். காத்துலயே போயிருமாம். நம்ம பட்டினி போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கணுமாம்."

"டாக்டரே சொன்னாக, அக்கா. ஊத்த வேணாம்னு."

"ஏன்னு சொன்னாகளா?"

ஏசுதாசன் செவலை பக்கம் திரும்பிக்கொண்டான். மூக்கம்மாள் அவன் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். ஒரு காரணம், சின்னதாக ஒன்று கிடைத்தால் போதும், அவள் அம்மியை விட்டு எழுந்திருப்பாள். அது அவனுக்குத் தெரிந்தது. பிறகு அவள் விழுதை வழித்துக் கருப்பட்டித் தண்ணீரில் கரைத்தாள்.

மலைச்சாமி செவலையின் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். ஏசுதாசன் அவன் கையைப் பற்றினான்.

"விடுய்யா."

"வேணாம். சொன்னாக் கேளுங்க."

"சொல்லு, கேக்குறேன். சொல்லத்தான மாட்டேங்குறே?" முழங்கையால் ஒரு தள்ளு தள்ளினான். ஏசுதாசன் வலையைக் கிழித்துக்கொண்டு சாணத்தில் விழுந்தான். வாசலில் நின்றவர்களில் யாரோ, "கம்பவுண்டருக்கும் ஒரு கொட்டம் ஊத்துங்கப்பா," என்றார்கள்.

மூக்கம்மாள் குழாயைச் சாய்த்தாள். "குடி, ராசா. காரமாத்தான் இருக்கும். குடிச்சிரு."

மாடு விழுங்கவில்லை. கஷாயம் முழுவதும் இறங்கியது. ஒரு தரம் உடம்பு தூக்கிப்போட்டு இருமியது. மூக்கு வழியாகக் கருப்பாக நுரை வந்தது. "சளி இளகுது," என்றான் மலைச்சாமி. இன்னொரு குழாய் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் மார்புக்குள் உலை கொதிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வீட்டில் அதைக் கேட்டவர்கள் மருந்து வேலை செய்கிறது என்றார்கள்.

மறுநாள் விடியும்போது செவலை செத்திருந்தது.

டாக்டர் தோப்பு ஓரத்தில் வைத்து அதை அறுத்தார். மூக்கம்மாளை அருகில் வரச் சொன்னார். நுரையீரலைப் பிளந்து, கத்தி நுனியால் எதையோ சுரண்டி அவள் முன் நீட்டினார். அரைபடாத பூண்டுத் துண்டு.

"இது இங்க எப்படி வந்துச்சு?"

அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"ஊத்தாதன்னு ஆள் அனுப்பினேனா இல்லையா? நல்லா எந்திரிச்சிருக்க வேண்டிய மாடு. நீதான் கொன்னுருக்க."

ஏசுதாசன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவன் தலையைக் குனிந்து வாளிக்குள் பார்த்தான். மலைச்சாமி வேடிக்கைப் பேச்சை மறந்து ஒதுங்கி நின்றான்.

பொழுது உச்சிக்கு வருவதற்குள் மூக்கம்மாள் திரும்பி வந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். பின்னால் மயிலை வந்தது.

"புத்தியில்லாமச் செஞ்சுட்டேன், சாமி," என்றாள். "இனிமே நீங்க கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டேன். இதுக்காச்சும் ஊசியப் போட்டு விடுங்க. இதும் போச்சுன்னா நானும் மலைக்கு ஏலக்கா பெறக்கத்தான் போகணும். கொழுந்தன்கிட்ட ஒத்த மாடு இருக்கு. அதையும் இதையும் பூட்டி வியாழக்கெழமை ஏர் கட்டச் சொல்லி நாயக்கர் தவணை குடுத்திருக்காக."

"இதுக்கு முன்னால இதுக்குக் காய்ச்சல் ஏதாவது கண்டிருக்கா?"

"ஒரு நாள் நொண்டினது கெடையாது, சாமி. அம்புட்டுச் சுத்தமான ஒடம்பு."

டாக்டர் ஏசுதாசன் பக்கம் திரும்பினார். "ஊசியைக் கொதிக்க வை."

பிளாஸ்க்கில் செவலையின் ரத்தத்தை வடித்தெடுத்த புதுக் குப்பி இருந்தது. ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கும் போகிறது என்று காட்டிவிட்டால் யாரும் மறுத்துப் பேச முடியாது. ஏசுதாசன் அடுப்பை மூட்டினான். நாளைக் கழித்து மறுநாள் வியாழன். அன்று இந்த மாடு கால் ஊன்றாது. தண்ணீர் கொதிக்கும்வரை அவன் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். கொதித்த பிறகு ஊசியை இடுக்கியால் எடுத்தான்.

"அக்கா, ஏர் கட்டுறத அடுத்த வாரம் வச்சுக்கிட்டா ஆகாதா?"

"கடைக்காரக வீட்டுப் பிள்ளைன்னு காட்டுறே பாத்தியா," என்றாள் மூக்கம்மாள். அன்று முதல்முறையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. "நாயக்கர் வியாழக்கெழமைன்னா வியாழக்கெழமைதான், தம்பி. பொழுது சாஞ்சா வேற ஏர் எறங்கிரும்."

டாக்டர் குப்பியைக் குலுக்கினார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அதே மருந்துதான, சாமி?"

"அதே மருந்துதான்."

ஏசுதாசன் மயிலையின் கழுத்துத் தோலை மடித்துப் பிடித்தான். மாடு ஒருமுறை தோலைச் சிலிர்த்தது; பிறகு வாலை வீசிக்கொண்டு நின்றது.

மூக்கம்மாள் மடியை அவிழ்த்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து, இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டினாள். அவர் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு சீப்பை ஏசுதாசனிடம் தள்ளினார். அவன் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"தின்னு, தம்பி. கொல்லையில பழுத்தது," என்றாள் அவள்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் அவன் ஒரு பழத்தை உரித்துத் தின்றான்.