காசிமீரோவின் பாட்டில்கள்

முதுகில் மூட்டையோடு ஊர் சுற்ற வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆறு கட்டில் போட்டு அவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள் இப்படிச் சொல்லக்கூடாதுதான். தினமும் குளிக்கத் தண்ணீர் கேட்பார்கள். மழை எந்த மாதம் என்பார்கள். மழையை என் அம்மா ஒருமுறை பார்த்தாளாம், எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. போகிற வழியெல்லாம் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் வாசலில் பெரிதாக எழுதி வைத்தேன்: "பாலைவனம் குப்பைத்தொட்டி இல்லை. கண்ணில் படும் பாட்டிலைப் பொறுக்கி வரவும்." என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அந்த வாசகத்தால்தான்.

எங்கள் ஊர் போசோ அமார்கோவிலிருந்து இரண்டு மணி நேர நடையில், சாலையோரம், காசிமீரோவின் சின்னக் கோயில் இருக்கிறது. அவர் லாரி டிரைவர். வண்டி நின்றுபோய்த் தாகத்தில் செத்தார். வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலில் சீட்டைக் கட்டி அவர் முன்னால் வைப்போம். அடுத்தவர் சீட்டை யாரும் படிப்பதில்லை.

பத்து நாளைக்கு முன் நானும் ஒன்று வைத்தேன். பப்பாளி ஜூஸ் பாட்டில், கழுத்தில் என் பின்னல் வேலையில் மிஞ்சிய ரோஸ் நிறக் கம்பளி நூல். சீட்டில் இப்படி எழுதியிருந்தேன்: "காசிமீரோ, பெலார்மினோவைப் போகவிடாதே. மூன்று நாள் கொடு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுனில்டா."

பெலார்மினோ கடற்கரையிலிருந்து வாரம் இருமுறை பஸ் ஓட்டி வருபவர். மனைவி இறந்து எட்டு வருஷமாகிறது. என் வீட்டில் அரை மணி நேரம் நிறுத்தி டீ குடிப்பார். ஆறு வருஷமாக நான் அவரிடம் பேசியதெல்லாம் "சர்க்கரை போதுமா" என்பதுதான். "போதும், டோன்யா" என்பார். 'அம்மணி' என்கிற மரியாதையில்தான் சொல்வார், ஆனால் அந்த டோன்யாவைக் கேட்டதும் எனக்கு எண்பது வயதாகிவிடும். இப்போது அவரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இந்தப் புதன்கிழமைதான் கடைசி ஓட்டம்.

அன்று காலை பஸ் புகையோடு வந்து சதுக்கத்தில் நின்றது. ரேடியேட்டர் வறண்டுவிட்டது. ஊரிலும் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மிச்சம் என் கெட்டிலில் ஒளித்து வைத்திருந்த இரண்டு கோப்பைதான். அது யாருக்கு என்று கேட்காதீர்கள்.

காசிமீரோ கேட்டுவிட்டார் என்று மனதுக்குள் கும்பிட்டேன். சரியாக அந்த நேரத்தில் யோஸ்ட் வந்து சேர்ந்தான். என் இரண்டாம் கட்டிலில் தங்கியிருந்த டச்சுப் பையன், ஒட்டடைக்கம்பு உயரம், பள்ளியில் கற்ற ஸ்பானிஷ். முதுகு மூட்டையை இறக்கி காசிமீரோ கோயிலில் இருந்த முப்பத்தேழு பாட்டிலை, தண்ணீரும் சீட்டுமாக, வரிசையாக அடுக்கினான்.

"நான் பாலைவனத்தைச் சுத்தம் செய்துவிட்டேன். தண்ணீரை வீணாக்கவில்லை" என்றான், முகமெல்லாம் வெயிலும் பெருமையுமாக.

சதுக்கம் வாயடைத்து நின்றது. கடைக்கார ஓடிலியாவுக்கு மட்டும் வாய் அடைக்காது. முதல் சீட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

"'என் மாமியார் அவங்க மகள் வீட்டிலேயே சுகமா இருக்கட்டும்.' யாரு கையெழுத்துன்னு தெரியுது, சொல்ல மாட்டேன்."

"ஓடிலியா, பாவம்டி, வச்சிடு" என்றேன். என் கண் ரோஸ் நூலைத் தேடிக்கொண்டிருந்தது.

"இரு. 'ஓடிலியாவோட சேவல் ஊமையாப் போகட்டும்.'" அடுத்ததை எடுத்தாள். அதுவும் சேவல். மூன்றாவது வேறு கையெழுத்து, அதே சேவல். கண்ணாடியைக் கழற்றினாள். "இனிமே யாரும் எங்கிட்ட முட்டை கேட்டு வராதீங்க" என்று கடைக்குள் போய்விட்டாள்.

தப்பித்தேன் என்று மூச்சு விடுவதற்குள் பெலார்மினோ வந்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"காசிமீரோ டிரைவர். நானும் டிரைவர். அஞ்சாறு பாட்டில் எடுத்தா கோவிச்சுக்க மாட்டார்" என்று சொல்லி முதல் வரிசையில் கைக்கு வந்ததை எடுத்துப் போனார். அள்ளிய ஆறில் ஒன்றில் ரோஸ் நூல்.

பின்னாலேயே ஓடினேன். "அது வேண்டாம், பழைய தண்ணி."

"ரேடியேட்டருக்கு என்ன, டோன்யா, பழசும் புதுசும்" என்றபடி ஊற்றினார். அவரைப் போகவிடாதே என்று வேண்டி வைத்த தண்ணீர் அவரைப் போகவைக்கும் வண்டிக்குள் மடமடவென்று இறங்கியது. காசிமீரோவைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், அதை இங்கே எழுத முடியாது.

சாவியை ஒருமுறை திருப்பியதுமே இன்ஜின் கிளம்பியது. பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பெலார்மினோ காலிப் பாட்டில்களைப் பையனிடம் நீட்டினார்.

யோஸ்ட் வேண்டாம் என்று தலையாட்டினான். "மன்னிக்கவும். காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி."

"சரிப்பா" என்று பெலார்மினோ பொறுமையாக ஒவ்வொரு சீட்டாக அவிழ்த்தார். ரோஸ் நூலில் நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். சீட்டு விரிந்தது. சாலைப் பலகையைப் படிப்பதைப் போல நிதானமாகப் படித்தார். மறுபடியும் படித்தார். நான் தலைகுனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இன்ஜினை நிறுத்தினார். வண்டிக்கு அடியில் கையை விட்டு ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தார். ஐந்து நாளாகத் தண்ணீர் காணாத ஊரின் நடுவில், எல்லோரும் பார்க்க, அவ்வளவு தண்ணீரும் மண்ணில் கொட்டியது.

"ஒழுகுது" என்று பயணிகளிடம் சொன்னார். "மூணு நாளாகும்."

"நீயேதான்யா தொறந்துவிட்ட" என்று ஜன்னலிலிருந்து ஒருவர் கத்தினார். பெலார்மினோவுக்குக் காது கேட்கவில்லை. யோஸ்ட் மீதிப் பாட்டில்களை மறுபடி மூட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தான். பாட்டில்களோடு அவனைக் காசிமீரோ கோயிலுக்கே திருப்பி அனுப்ப ஊரே ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"சுனில்டா, டீ இருக்கா?"

இருந்தது. சரியாக இரண்டு கோப்பை. சர்க்கரை போதுமா என்று நான் கேட்கவில்லை.