ஒரே ஒரு உரசல்

என் மனைவி ஜரினா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் நாள் எங்கள் மகள் ஷிரினுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பச்சையாக, நுரையோடு, தண்ணீராக. எட்டு மாதப் பிள்ளை. அதுவரை இந்த விஷயத்தில் அவளைப்போல ஒழுங்கான ஆள் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. காலையில் ஒரு தடவை, நல்ல மஞ்சளாக, முடித்துவிட்டுச் சிரிப்பாள். இப்போது துணி மாற்றி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. காலை மடக்கி மடக்கி அழுகிறாள்.

எனக்குச் சங்கரன்கோவிலில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. ஜரினாவுக்குப் புளியங்குடியில் ஓர் எலுமிச்சை கமிஷன் கடையில் கம்ப்யூட்டர் பில் போடும் வேலை. பிரசவத்துக்குப் போனவளின் இடத்தை முதலாளி அண்ணாச்சி வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். "நீ போ, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னவன் நான். சும்மா சொல்லவில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அந்த முகம் மூன்றே நாளில் வாடிப்போனது. துணி துவைக்கும் கல்லில் குவிந்துகிடந்ததைப் பார்த்துவிட்டு, "சனிக்கெழம வரைக்கும் பாக்கேன். நிக்கலன்னா அண்ணாச்சிட்ட வேற ஆளு பாத்துக்கிடச் சொல்லிருதேன்" என்றாள். நான் கேட்டிருக்கலாம், யோசித்துச் சொல்லியிருக்கலாம். "ஏன், எனக்குப் பிள்ள வளக்கத் தெரியாதோ?" என்று கத்தினேன். பிள்ளை பயந்து இன்னொரு தடவை போனாள்.

என் குரல் பெரிது. கோபம் அதைவிடப் பெரிது. தடுப்பூசி போடுகிற நர்ஸ், தாய்ப்பாலும் கூழும் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மறுநாளே பக்கத்து வீட்டுக் கோமதித்தாய் அக்கா, தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஒரு விரல் நுனியில் தேனோடு வந்தாள். நான் போட்ட சத்தத்தில் தெருவில் போன ஆட்டோ நின்றுபோனது. "இனிமே எம் பிள்ள வாயில யாராவது எதாவது வச்சீங்க..." என்று ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து யாரும் எதையும் வைக்கவில்லை. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பகலில் எனக்கு உதவிக்கு வருகிறவர்கள் இரண்டு பேர். நான் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கும்போது கோமதித்தாய் அக்கா பிள்ளையைத் தூக்கிப்போய் விளையாட்டுக் காட்டுவாள். மத்தியானம் அடுத்த தெருவிலிருந்து என் கூடப்பிறந்த அக்கா, நான் லாத்தா என்று கூப்பிடுகிற ஹஸ்னா பானு, வந்து குளிப்பாட்டுவாள். லாத்தா வந்ததும் வராததுமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "நாள்பூரா எலுமிச்சங்காய்க்கு நடுவுல உக்காந்துட்டு வந்து பால் குடுக்கா. திரியாம என்னல செய்யும்?"

"பாலு மாருல இருக்கு லாத்தா, எலுமிச்சங்கா சாக்குல இருக்கு. எப்படித் திரியும்?"

"ஒனக்கு மிக்சியத் தவிர என்ன தெரியும்?"

நான் சிரித்தேன். ஜரினாவிடம் போனில் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வந்ததும் முழங்கை வரைக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்து, சேலையை மாற்றி, தலைக்கும் ஊற்றிக்கொண்டு அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தொட்டாள். வாசனை போய்விட்டதா என்று கையை மோந்து பார்த்தாள். அவளை வேலைக்கு அனுப்பினவன் நான். குற்றவாளி மாதிரி நிற்பவள் அவள்.

டாக்டரம்மாவிடம் போனோம். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, மூத்திரம் நன்றாகப் போகிறது, தண்ணீர்ச்சத்து வற்றவில்லை என்றார். பாக்கெட்டில் வரும் உப்புச்சர்க்கரைப் பொடியை அளவுத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார். "தாய்ப்பாலை நிறுத்திராதீங்க. வேற என்ன குடுக்கீங்க?"

"கேப்பக்கூழு மட்டுந்தான் டாக்டர். வேற ஒண்ணுமே இல்ல."

"எதோ உள்ள போவுது. பாருங்க. ரெண்டு நாள்ல நிக்கலன்னா, இல்ல பிள்ள சோர்ந்து போனா ஒடனே தூக்கிட்டு வாங்க."

ஜரினா என் பக்கம் பார்க்கவே இல்லை. பால்தான் காரணம் என்று அவளே முடிவுகட்டிவிட்டாள்போல.

ஓடாத மிக்சியை எப்படிப் பார்ப்போம்? முதலில் ஒயர், அப்புறம் சுவிட்ச், அப்புறம் கார்பன். ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியாது. அதே மாதிரிதான் இதையும் பார்த்தேன். கேப்பைக்கூழை நிறுத்தினேன். நிற்கவில்லை. குடிதண்ணீர்க் கேனை மாற்றினேன். நிற்கவில்லை. பிள்ளை கடித்துத் திரியும் ரப்பர் வாத்தைக் கொதிக்கவைத்தேன். வாத்துக்குத் தலை கோணிப்போனது, பிள்ளைக்கு நிற்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஜரினா பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். இன்றைக்கு அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கடையைத் திறந்து கூட்டிவிட்டு உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கினேன். தாடைக்குக் கீழே, மடிப்பில், பழுப்பாக ஒரு கோடு காய்ந்து கிடந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். பிரியாணி!

பிரியாணிக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்கு அந்த வாசனையில் சந்தேகம் வருமா? ஆனால் இந்த ஊரில்கூட எட்டு மாதப் பிள்ளைக்கு யாரும் பிரியாணி ஊட்டமாட்டார்கள். கடையைப் பாதி சாத்திவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லாத்தா வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்பதைவிடப் பாய்ந்தேன் என்பதே சரி.

"எம் பிள்ளைக்குப் பிரியாணி குடுத்தியா?"

லாத்தா தோசைக்கரண்டியோடு திரும்பினாள். "ஒனக்குப் பைத்தியமால? எவளாவது குடுப்பாளா?"

"ஜாதிக்கா வாட அடிக்கி. மோந்து பாரு!"

லாத்தா மோந்து பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு ஒரசல்தாம்ல குடுத்தேன். ஒரே ஒரு ஒரசல்."

உரைமருந்து! வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, எல்லாவற்றையும் கல்லில் ஒவ்வோர் உரசல் உரசி, பாலடையில் ஊற்றிக் கொடுக்கிற சமாச்சாரம். நாட்டு மருந்துக்கடையில் செட்டாகவே விற்கிறான். இரண்டு பெரிய ஆள்களுக்கு வயிறு சுத்தமாக ஒரு கடுக்காய் போதும்.

"தாயி வேலைக்குப் போயிட்டா, பிள்ளைக்குச் செரிக்காதுன்னு பயந்துட்டேன். தெனமும் குளிப்பாட்டுன ஒடனே குடுத்தேன். நல்லதுக்குத்தானல?"

"சொல்லிட்டுக் குடுக்க வேண்டியதுதான?"

"சொன்னா நீ கத்துவ."

நான் கத்தினேன். கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, கோமதித்தாய் அக்கா வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மனசு ஆறாமல் அவளிடமும் சொன்னேன். "பாத்தீங்களாக்கா, எங்க லாத்தா செஞ்ச வேலைய? தெனமும் உரமருந்து ஊத்திருக்கா!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ தம்பி."

"என்னக்கா?"

"அவுகளும் குடுத்தாகளா?"

அக்கா உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். தைக்கிற மிஷின் டிராயருக்குள் ஒரு கல்லும் ஒரு செட் மருந்தும் இருந்தன. அவளும் ஒரே ஓர் உரசல்தான். தினமும். அவளும் நல்லதுக்குத்தான். "ஜரினா பாவம், பிள்ளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா வேலைய விட்டுருவாளேன்னுதான்..." என்று கண் கலங்கினாள். சொல்லவேண்டியதுதானே என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரிந்துவிட்டது.

சரி, கோளாறு பிடிபட்டது என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று இடித்தது. லாத்தா வருவது மத்தியானம். அக்கா பிள்ளையைத் தூக்கிப்போவது பத்து மணிக்கு மேலே. தாடையில் அந்தப் பழுப்புக் கோட்டை நான் பார்த்தது காலையில், கடையைக் கூட்டின கையோடு. ராத்திரி நான் துடைத்துப் படுக்கவைத்தபோது அது இல்லை. அதற்கு முன்னால் பிள்ளையைத் தொட்டவள் ஒருத்திதான்.

அன்று முழுவதும் பிள்ளையை யாரிடமும் கொடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு துணிதான் நனைந்தது.

ஜரினா வந்தாள். கண் சிவந்திருந்தது. "அண்ணாச்சிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "அவருதான், திங்கக்கெழம காலையில மறுபடியும் போன் போட்டுச் சொல்லு, அதுவரைக்கும் வேற ஆளு பாக்கலன்னாரு." செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போகத் திரும்பினாள்.

"கழுவ வேண்டாம். பிள்ளையப் பிடி" என்றேன். லாத்தா கதையைச் சொன்னேன், அக்கா கதையைச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் குடுத்தேன்" என்றாள். "நீங்க கடையத் தெறக்கப் போனதும் தெனமும் குடுத்துட்டுத்தான் போனேன். நான் பக்கத்துல இல்லாம அதுக்கு எதாவது ஆயிருமோன்னு... வயித்தால போவ ஆரம்பிச்சதும் ரெண்டு ஒரசலாக் கூட்டுனேன்."

கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், லாத்தாவிடம் வந்ததைவிட அதிகமாக வந்தது. அக்கம்பக்கம் நம்பாதது போகட்டும், இவளுமா என்னை நம்பவில்லை? வாயைத் திறந்துவிட்டேன். அவள் தோள் இரண்டும் ஒடுங்கியது, கண்ணை இறுக மூடினாள். அவள் மட்டுமில்லை, மடியில் இருந்த எட்டு மாதப் பிள்ளையும் அதே மாதிரி கண்ணை மூடியது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ வேலைக்குப் போனதுனால இல்ல ஜரினா" என்றேன். "ஒம் பாலுனாலயும் இல்ல. எனக்குப் பயந்து மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஊத்திருக்கீங்க. அவ்வளவுதான்."

அவள் பிள்ளையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஷிரினுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினாற்போல இருந்திருக்கவேண்டும். ரொம்ப நாளைக்கு அப்புறம் சத்தமாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. டாக்டரம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். மருந்தை மொத்தமாக நிறுத்தச் சொன்னார், சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு திட்டும் திட்டினார். திங்கட்கிழமை விடிந்தபோது மஞ்சளாகவே போனாள். ஜரினா அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "எட்டு மணி பஸ்ஸுல வாரேன்" என்றாள்.

பஸ் போன பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். கோமதித்தாய் அக்கா மிஷினை நிறுத்தினாள். எழுந்திருக்கவில்லை.

"கடையில வேல கெடக்குக்கா. மத்தியானம் வரைக்கும் வச்சிருங்க" என்றேன். அது போதவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "நான் கத்துனது தப்பு. லாத்தாட்டயும் போயிச் சொல்லப்போறேன்."

அக்கா எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.