ஆளுக்கு ஒரு ஹெக்டேர்

"அக்கா, ஒரு கையெழுத்துதான். உன்னை விக்கவா சொல்றேன்?"

மஹ்ஜூபாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அப்பா இறந்ததும் பங்கு கேட்டாள் என்பதற்காக அவளோடு பேச்சையே நிறுத்தியவன் இந்தத் தம்பி முபாரக். மகளுக்கு மார்க்கம் ஒதுக்கிய பங்குதான்; நாட்டுச் சட்டமும் அதையேதான் சொன்னது. ஆனால் பாலைவனத்தை ஒட்டிய இந்தத் திரா பள்ளத்தாக்கில் வழக்கம் இரண்டுக்கும் அப்பன். கூடப் பிறந்தவனிடம் பங்கு கேட்பவள் வெட்கங்கெட்டவள் என்று ஊரே பேசியது.

அப்பா விட்டுப்போன மூன்று ஹெக்டேரிலும் அவன் தர்பூசணி போட்டான். காய்கள் லாரி ஏறின. பள்ளத்தாக்கின் தண்ணீரும் கூடவே ஏறிப் போனது. புருஷன் விலக்கிவிட்ட பிறகு ஆடு வளர்த்துப் பிழைக்கும் மஹ்ஜூபாவின் கிணற்றில் வாளி இப்போது சேற்றைத்தான் முட்டுகிறது.

அப்படிப்பட்டவன் இன்று நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்போடு, பெண் கேட்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

காரணம் இருந்தது. நிலத்தடி நீர் வற்றுகிறதென்று புது உத்தரவு வந்திருந்தது: நிலச் சொந்தக்காரர் ஒருவருக்கு ஒரு ஹெக்டேர்தான் தர்பூசணி. மனைவி பேரில் திடீரென்று எழுதினால் அதிகாரி மோப்பம் பிடித்துவிடுவார். அப்பா சொத்தில் அக்கா பங்கு என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

"பேப்பருக்குத்தான் உன் பேரு. விளைச்சல்ல உனக்கும் ஏதாச்சும் பாத்துச் செய்றேன்."

"உன் மனசு யாருக்குடா வரும்!" என்றாள் மஹ்ஜூபா. பத்திரக்காரர்கள் முன்னால் சமர்த்தாகக் கையெழுத்தும் போட்டாள்.

நடவுக்காலம் வந்தது. டிராக்டர் நிறைய நாற்றோடு முபாரக் வந்து இறங்கினான். அவள் பங்கு நிலத்தில் ஏற்கெனவே ஏதோ பச்சையாக முளைத்திருந்தது.

"என்னக்கா இது?"

"பார்லி. தண்ணி ரொம்பக் கேக்காது. என் கிணறும் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"பேப்பருக்குத்தான் உன் பேருன்னு சொன்னேன்ல!"

"அப்போ பேப்பர்லயே தர்பூசணி போட்டுக்க."

டிராக்டர்காரன் சிரித்துவிட்டான். முபாரக்கின் முகம் சிவந்தது. "நான் கோர்ட்டுக்குப் போவேன்!"

"போ ராசா. ஆபீசரை ஏமாத்தத்தான் அக்கா பேர்ல எழுதுனேன்னு ஜட்ஜுகிட்ட சொல்லு. சாட்சிக்கு நான் வர்றேன்."

நாற்று வந்த வழியே திரும்பிப் போனது.

சாயங்காலம் முபாரக்கின் மனைவி யாம்னா வேகவேகமாக வருவதைப் பார்த்ததும், சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மஹ்ஜூபா இடுப்பில் முந்தானையைச் செருகினாள். யாம்னா வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, எங்கப்பா சொத்துலயும் எனக்கு ஒண்ணும் வரல. எங்க அண்ணன்மாரும் தர்பூசணிதான் போடுறாங்க..."

"அதுக்கு?"

"இந்த ஒரு ஹெக்டேர் சட்டம் அடுத்த வருஷமும் இருக்கும்ல?"