மேஸ்திரி பார்க்கிறான்

என் அண்ணன் கப்பலில் சமையல்காரன். போன தடவை கப்பலேறும்போது தன் குரங்கை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். ஒரு கையில் குரங்கு, மறு கையில் டயப்பர் மூட்டை. "ரொம்ப சாதும்மா. பழகிட்டா நம்ம புள்ள மாதிரி," என்றான். அவனுக்குப் பிள்ளை கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

குரங்கின் பெயர் மேஸ்திரி. யார் வேலை செய்தாலும் எதிரே குந்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்ப்பான் என்பதால் அந்தப் பெயர்.

வீட்டில் குரங்கு வளர்ப்பது எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தங்க வந்த விருந்தாளி சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். ஃபிரிட்ஜைக் கயிற்றால் கட்ட வேண்டும். முடிச்சு அவிழ்க்க அவனுக்கு என்னைவிட நன்றாக வரும் என்பதால், கட்டிய கயிற்றுக்கும் ஒரு பூட்டு வேண்டும். டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டால், கழற்றி மின்விசிறி இறக்கையில் தொங்கவிடுவான். அடுத்து யார் விசிறியைப் போடுகிறார்களோ அவர்கள் பாடு. கன்னத்தில் அடக்கி வைத்த வேர்க்கடலையைச் சாவகாசமாக என் கைப்பையில் துப்பி வைப்பான். சோப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று நம் மேலேயே எறிவான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே அவன் எங்கள் மூன்று பேரையும் தரம் பிரித்துவிட்டான். நான் வந்தால் எழுந்து வழிவிடுவான். கல்லூரிக்குப் போகும் என் மகள் வந்தால் அவள் பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். என் கணவர் வந்தால் கன்னத்தில் ஒன்று வைப்பான்.

என் கணவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று மைக்கில் அவர் சொன்னால் கூட்டம் மூட்டை முடிச்சோடு விழுந்தடித்து ஓடும். அதே குரலில் வீட்டில் "ஃபேனைக் கொஞ்சம் போடேன்" என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழகிப்போய்விட்டது. சொல்லிப் பார்த்துவிட்டு அவரே எழுந்து போட்டுக்கொள்வார்.

மேஸ்திரி அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். தட்டில் கை வைத்தான். ஒருநாள் காதைப் பிறாண்டி ரத்தம் வந்த பிறகு, குரங்கைப் பையில் போட்டுக்கொண்டு மூவருமாகக் கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் அறையில் ஒரு நாற்காலியும் ஒரு ஸ்டூலும் இருந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், மகள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் கணவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடந்ததை அவர் சொல்ல ஆரம்பித்தார். வழக்கம்போல நான் சொல்லி முடித்தேன்.

டாக்டர் எங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குரங்கைப் பார்க்கவில்லை.

"குரங்குக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுல யாருக்கு யார் வழி விடுறாங்க, யார் முதல்ல சாப்பிடுறாங்க, யார் பேசினா யார் கேக்குறாங்க, எல்லாத்தையும் அது பாத்துக்கிட்டே இருக்கும். இவர்தான் கடைசின்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. இவரைத் தாண்டிட்டா தனக்கு ஒரு படி கிடைக்கும்னு பாக்குது."

"இவர் கடைசின்னு யார் சொன்னது?" என்றேன் சூடாக.

"யாரும் சொல்லல. நானே இப்பதான் பாத்தேன்."

மகள் சுவரில் இருந்த மாட்டுப் படத்தை அக்கறையாகப் பார்த்தாள்.

"இன்னொண்ணு," என்று டாக்டர் என் கணவர் பக்கம் திரும்பினார். "அதைப் பாத்து சிரிக்காதீங்க. பல்லைக் காட்டினா, இவன் நமக்கு அடங்கினவன்னு எடுத்துக்கும்." என் கணவர் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பவர். அதைக் கேட்டும் சிரித்தார்.

மருந்துச் சீட்டு இல்லை, வாய்வார்த்தைதான். குரங்கின் கண் முன்னால் அவர் முதலில் சாப்பிட வேண்டும். அவர் வந்தால் நாங்கள் எழுந்து இடம் விட வேண்டும். அவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. தினமும் யாராவது அவர் தலையில் பேன் பார்க்க வேண்டும், குரங்குகளிடையே அதுதான் பெரிய மரியாதையாம். "பேன் இல்லையே டாக்டர்," என்றார் என் கணவர். "பரவாயில்ல, பாக்கட்டும்," என்றார் அவர்.

மறுநாளே நாடகம் தொடங்கியது. அவர் வேலை முடிந்து உள்ளே வந்ததும் நானும் மகளும் சடாரென்று எழுந்தோம். அவர் பயந்துபோய் வெளியே போய்விட்டார். திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். முதல் தட்டு அவருக்கு. அவர் ஒரு வாய் சாப்பிடும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். அவருக்கு விழுங்கவே முடியவில்லை. மேஸ்திரி அலமாரி மேல் குந்தி, ஒன்று விடாமல் பார்த்தான்.

அப்புறம் அவர் பேச வேண்டிய கட்டம். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "ரெண்டாம் நடைமேடை..." என்று ஆரம்பித்துவிட்டு அவரே வெட்கப்பட்டார். நாங்கள் விடவில்லை, மேஸ்திரி பார்க்கிறானே. மெல்ல மெல்ல வாய் திறந்தது. தவறான பஸ்ஸில் ஏறிப் போய், அங்கேயே பெண் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டு, வருஷா வருஷம் நன்றி சொல்ல வரும் ஓர் ஆளைப் பற்றிச் சொன்னார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்ப்பா இதெல்லாம் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாள். முன்னாடியும் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பேன் பார்ப்பது என் பங்கு. அவர் தரையில் உட்காருவார், நான் பின்னால் நாற்காலியில். முடியை விலக்கியபோது உச்சியில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் பார்த்ததேயில்லை. சின்ன வயதில் கிணற்று வாளி விழுந்ததாம். விரல் அதன் மேல் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். பேன் இல்லாத தலையில் நான் தேவைக்கு மேலேயே தேடினேன்.

மனிதர் மாறிக்கொண்டு வந்தார். முதுகு நிமிர்ந்தது. ஒருநாள் "இன்னொரு டீ" என்று கேட்டேவிட்டார்.

மேஸ்திரியும் மாறினான். அவர் வரும் சத்தம் கேட்டால் நாற்காலியை விட்டு இறங்கினான். அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். ஒரு சாயங்காலம் தானே அவர் தோளில் ஏறி, தலையில் பேன் பார்க்கவும் உட்கார்ந்துவிட்டான். அப்பாடா என்று எனக்கு ஒரு வேலை குறைந்தது. மகளுக்குப் பரீட்சை வந்தது, அவள் பாட்டுக்கு அறையில் சாப்பிட்டாள். எனக்கும் வேலைக்கு நேரமாகும், நின்றபடியே முதலில் சாப்பிட்டுவிட்டு ஓடினேன். கப்பல் கரைக்கு வந்துவிட்டது, வந்து மேஸ்திரியைக் கூட்டிப்போகிறேன் என்று அண்ணனும் சேதி அனுப்பினான். அன்று சாப்பிடும்போது என் கணவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் என் போக்கில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தியது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"கடிச்சிட்டான்."

"யாரு?"

"மேஸ்திரிதான். இன்னும் என்னை மதிக்கல போல. டாக்டர் சொன்னதெல்லாம் விடாம செய்யணும்னு நினைக்கிறேன்."

மகள் ஓடிப்போய் மேஸ்திரியைத் திட்டினாள். அவன் ஜன்னலில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். ஒன்றும் புரியாமல் அவளுக்கும் ஒரு துண்டு நீட்டினான்.

நான் துண்டை அவிழ்த்துக் கையைக் குழாயடியில் காட்டினேன். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் எனக்கு வேலை. மெழுகிலும் பிளாஸ்டரிலும் பல் அச்சு பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதிக் கண் போயிற்று. குரங்குக் கடி என்றால் கோரைப்பல் ஆழமாக இறங்கியிருக்கும். இந்தக் காயத்தில் அது இல்லை. நல்ல அகலமான வளைவில், வரிசையாகப் பற்கள். மேல்வரிசையில் ஒன்று மட்டும் லேசாகத் திரும்பியிருந்தது. பஸ் படியில் விழுந்து அவருக்கு முன்பல் உடைந்தபோது நான் செய்து கொடுத்த பல் அது. அவசரத்தில் கொஞ்சம் கோணலாகிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி இன்றுவரை அதோடுதான் சிரிக்கிறார்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. எங்களை நிமிர்ந்து பார்க்கவைக்க ஒரு மனிதன் தன் கையைத் தானே ரத்தம் வரக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

அதற்குள் அவர் வெளியே போகும் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "ஊசி போட்டுட்டு வந்துடறேன். குரங்குக்கடின்னா வரிசையா போடணுமாம்."

"ஊசி வேண்டாம்."

"குரங்கு கடிச்சா போடணும்ல?"

"குரங்கு கடிச்சாத்தான்."

அவர் பொத்தானைப் போடுவதை நிறுத்தினார்.

"ஏங்க, வாய்விட்டு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

கேட்டிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. எனக்குப் பொய் வராது. "கேட்டிருக்க மாட்டேன்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வருத்தமாகக்கூட இல்லை, தெரிந்த விஷயத்துக்கு ஆட்டுவதுபோல ஆட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டினேன். சாயங்காலம் அண்ணன் போன் செய்தான்.

"நாளைக்கு வந்து அவனைக் கூட்டிட்டுப் போறேம்மா."

"வேண்டாண்ணே. இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்."

"ஏன், என்னாச்சு?"

"உங்க மாப்பிள்ளைய மதிக்கப் பழகிட்டிருக்கு. பாதியில நிறுத்தினா மறந்துடும்."

"இத்தனை மாசமாவா? என் குரங்கு அவ்வளவு மந்தமில்லையே!"

"குரங்கு எப்பவோ பழகிடுச்சுண்ணே," என்றேன்.