விரலில் பட்ட பந்து

சௌந்தரபாண்டியன் வாத்தியாரிடம் படித்தவன் எவனும் சாக்பீஸை மறக்க மாட்டான். கோவில்பட்டி ஐ.டி.ஐ.யில் முப்பத்து மூன்று வருஷம் வெல்டிங் சொல்லிக்கொடுத்தார். பற்றவைத்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறைக்கக் கூடாது. பற்றவைத்தவனே சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால் திட்டு கிடையாது. மறைத்தவன் தொலைந்தான்.

ஊர்ப்பிள்ளைகளையெல்லாம் வட்டம் போடச் சொன்ன மனிதர், தன் தப்பு ஒன்றுக்கு மட்டும் வட்டம் போடாமலே ஓய்வும் பெற்றுவிட்டார்.

அது வாலிபாலில் செய்த தப்பு. அவருடைய சொந்த ஊரான நாகலாபுரத்துப் பொங்கல் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி அடித்த பந்து, தடுப்பவன் விரலை உரசிக்கொண்டு வெளியே போனால் அம்பயர் கண்ணுக்குத் தெரியாது. பட்டவனே கை தூக்கிவிட வேண்டும், பாயிண்ட் அடித்தவனுக்கு. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், இறுதி ஆட்டத்தின் கடைசிப் பாயிண்டில், எட்டயபுரம் மாயகிருஷ்ணன் அடித்த பந்து இவர் சுண்டுவிரலில் பட்டுத்தான் வெளியே விழுந்தது. இவர் கையைத் தூக்கவில்லை. "பட்டுச்சு, பட்டுச்சு" என்று மாயகிருஷ்ணன் கத்தினார். "தோத்துட்டுப் பொய் சொல்லுதான்" என்று கூட்டம் சிரித்தது. கோப்பை நாகலாபுரத்துக்கு வந்தது. ஒரே சைக்கிளில் சினிமாவுக்குப் போய்வந்த சிநேகம் அன்றோடு முறிந்தது. மாயகிருஷ்ணன் ஆடு, பருத்தி என்று ஒதுங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த மைதானத்தில் காலே வைக்கவில்லை.

இந்த வருஷம் அறுபது தாண்டியவர்களுக்கென்று ஒரு ஆட்டம் வைத்தார்கள். யார் கூப்பிட்டார்களோ, எட்டயபுரம் பட்டியலில் மாயகிருஷ்ணன் பேர் இருந்தது. அதைக் கேட்டதிலிருந்து வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆட்டத்துக்கு முன்னாலயே நேரா போய்ச் சொல்லிருங்க," என்றாள் மனைவி வள்ளிமயில். "மூட்டுக்குத் தைலம் தேய்க்கிய, சரி. மனசுக்கு என்னத்தத் தேய்க்கப் போறீய?"

சொல்லத்தான் போனார். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய மாயகிருஷ்ணன், "வாங்க வாத்தியாரய்யா" என்று இரு கையும் கூப்பினார். அந்த மரியாதைக்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம். வாத்தியார் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டார்.

ஆட்டம் பெரிய வேடிக்கை. வலையை ஒரு முழம் இறக்கிக் கட்டியும் பாதிப் பேருக்கு எட்டவில்லை. குனிந்தவரை நிமிர்த்த ஆள் தேவைப்பட்டது. ஆனாலும் கிழங்கள் விட்டுக்கொடுக்காமல் ஆடி, இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் நாகலாபுரம் ஜெயித்தது என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். மாயகிருஷ்ணனுக்குப் பந்து உயர்ந்தது. ஓங்கி அடித்தார். வாத்தியார் முடிந்தமட்டும் குதித்தார். பந்து அவர் கைக்கு அரை அடி தள்ளிப் பறந்து, கோட்டுக்கு வெளியே கரிசலில் போய் விழுந்தது.

நாகலாபுரம் கூத்தாடத் தொடங்கியது. வாத்தியார் கையைத் தூக்கினார்.

"டச்," என்றார்.

சொந்த அணிக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். அம்பயர் எட்டயபுரத்துக்குப் பாயிண்ட் கொடுக்கப் போனார். மாயகிருஷ்ணன் வலைக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்தார்.

"இது படல வாத்தியாரய்யா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. எதுக்குக் கை தூக்குதீங்க?"

"அன்னைக்குப் பட்டதுக்கு."

அவரிடம் மட்டும் சொன்னது வாத்தியாருக்குப் போதவில்லை. பொய்க்காரன் என்று சிரித்தது ஊர். ஊர் காதில் விழ வேண்டும். வர்ணனைக்காரரின் மைக்கை வாங்கினார்.

"முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால, இங்கன, மாயகிருஷ்ணன் அடிச்ச பந்து என் சுண்டுவிரல்ல பட்டுச்சு. நான் கை தூக்கல. அவன் பொய் சொல்லல. நான்தான் மறைச்சிட்டேன்."

மாயகிருஷ்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெட்கப்படாமல் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்பயரிடம் திரும்பினார்.

"இந்தப் பந்து படல. பாயிண்ட் அவியளுக்குத்தான்."

ஆக, எட்டயபுரம் மறுபடியும் தோற்றது. கைகுலுக்க நீட்டிய வாத்தியாரின் கையில் மாயகிருஷ்ணன் பந்தைத் திணித்தார்.

"ஏலே சௌந்தரம், இருட்ட இன்னும் நேரம் கெடக்கு. வலை தொங்குது பாரு, இழுத்துக் கட்டு. இன்னொரு செட் ஆடுவோம்."